போபோடி மாடியில் மூன்று தேசம்

சாந்தகுமாரிக்குச் சோறு போட்டது ஜெர்மன் மொழி. புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்த அப்பா, மகள் டீச்சர் ஆவாள் என்றுதான் நினைத்திருந்தார். அவளோ கல்லூரியில் படிக்கும்போதே மாலை வகுப்பில் சேர்ந்து ஜெர்மன் கற்றுக்கொண்டாள். பிம்ப்ரியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, கல்யாணமாகி கடக்கிக்கு வந்த பிறகும் அங்கேயே இருந்தாள். 2004-இல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்துமூன்று.

அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு கம்பெனி அவளைத் தேடி வந்தது. மாவு, மசாலா, பால்பொடி என்று எதையும் பாக்கெட்டில் அடைக்கிற இயந்திரங்கள் செய்கிறவர்கள். அவற்றை வாங்கிய இந்தியத் தொழிற்சாலைக்காரர்களுக்குப் பதில் சொல்லப் புனேயில் ஒரே ஒரு ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரு ஆளுக்காக இந்தியாவில் கம்பெனி பதிவு செய்ய அவர்களுக்கு மனமில்லை. சிவாஜிநகரில் ஒரு நிறுவனத்தைப் பிடித்தார்கள். அந்த நிறுவனம் அவளைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளும். சம்பளம் போடும், பி.எஃப். கட்டும், வரி பிடிக்கும். வேலை மட்டும் ஆஸ்திரியாவிலிருந்து வரும், அதை அவள் வீட்டிலிருந்தே செய்யலாம். இதற்கு எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட் என்று பெயர் என்றான், அங்கே இந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட கௌஷிக்.

"அப்போ என் முதலாளி யாரு?" என்று அவள் கேட்டாள்.

"காகிதத்துல நாங்க, மேடம். வேலைக்கு அவங்க."

அந்த நிறுவனத்தின் பெரிய தொழில் அடுக்குமாடி வீடுகளுக்கு வாட்ச்மேன் அனுப்புவது. அவள் குடியிருந்த கட்டடத்துக்கும் அவர்கள்தான் ஆள் போட்டிருந்தார்கள். அவள் கழுத்து அட்டையில் இருந்த சின்னமும் வாட்ச்மேன் தொப்பியில் இருந்த சின்னமும் ஒன்று. அதைக் கவனித்த வாட்ச்மேன், நாம ஒரே கம்பெனி என்று மராத்தியில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அன்றிலிருந்து அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆஸ்திரியாவில் அவளுக்கு மேலாளராக இருந்த ப்ரூனர் பொறுமைசாலி. தொல்லையெல்லாம் வீட்டில்தான். வீட்டில் இருக்கிற பெண் வேலை செய்கிறாள் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் அவள் வாங்கி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கணவர் இன்பநாதனே தான் வேலை பார்த்த கடக்கி டிப்போவிலிருந்து ஃபோன் போட்டு, சும்மாதானே இருக்கே, பேங்குக்குப் போய்ட்டு வந்துடு என்பார். மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் கரண்ட். லோட் ஷெட்டிங் காலம் அது. எப்போது போகும் என்று சொல்லத் தெரிந்தவர் இல்லை. ஒரு நாள் மசாலாக் கம்பெனிக்காரரையும் ப்ரூனரையும் ஒன்றாக இணையத்தில் பேசவைத்து, இடையில் அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு சூடாகி, அவள் ஒருவழியாக இருவரையும் சமாதானத்துக்குக் கொண்டுவந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது.  பேசவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

மழைக்காலம் முடிந்ததும், இன்சூரன்ஸுக்காக எல்லாரும் மருத்துவப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று கௌஷிக் சொல்லியனுப்பினான். வெறும் வயிற்றோடு போனாள். கிளினிக் வராந்தாவில் வாட்ச்மேன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மடியில் லேப்டாப் பையை வைத்துக்கொண்டு ஒருவன். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் ஃபோனில் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பினான்.

"நீங்க எந்த நாடு மேடம்?"

அவள் சட்டென்று புரிந்துகொண்டாள். "ஆஸ்திரியா. நீங்க?"

"அயர்லாந்து. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். ரெண்டு வருஷமா தனியா உட்கார்ந்திருக்கேன். பேர் ரவிசந்திரன்." முன்னால் இருந்த மராத்திப் பெண்ணைக் காட்டினான். "அவங்க வந்தனா. டென்மார்க்."

ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று பேரும் எதிர்க்கடையில் காரமான பயறுக் குழம்பும் பாவுமாக மிசல் சாப்பிட்டார்கள். இந்தியும் மராத்தியுமாகப் பேசப் பேச, மூன்று பேர் கதையும் ஒரே கதையாக இருந்தது. வந்தனாவின் மாமியார், மருமகள் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சாந்தகுமாரி அன்று சிரித்த மாதிரி பல மாதமாகச் சிரித்ததில்லை.

ஒரு அறை பிடித்தால் என்ன என்று கேட்டது அவள்தான். போபோடியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இடம் கிடைத்தது. மூன்று மேஜை, நல்ல இன்வெர்ட்டர் ஒன்று, போதும். ஆனால் கௌஷிக் தயங்கினான். மூன்று நாட்டுக் கம்பெனிகளின் ரகசியம் ஒரே அறையில் இருப்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றான்.

"நாங்க மூணு பேரும் யாரோட ஆளு?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"எங்க ஆளு."

"ஒரே கம்பெனி ஆளுங்க ஒரே ரூம்ல உட்கார்ந்தா அதுல என்ன தப்பு? நீங்களே எழுதிக் கேளுங்க."

கௌஷிக் சிரித்துவிட்டான். எழுதினான். ஆளுக்கொரு பூட்டுப்போட்ட அலமாரி வேண்டும் என்ற நிபந்தனையோடு மூன்று நாடும் சம்மதித்தன.

மறுநாளிலிருந்து சாந்தகுமாரி காலையில் புடவை கட்டி, சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள். சிலிண்டர்க்காரன் வேறு கதவைத் தட்டினான். முதல் வாரமே இன்பநாதன் தானாக பேங்குக்குப் போய்வந்தார். அறையில் ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் குரலைத் தணித்துக்கொள்ளப் பழகினார்கள். ரவிசந்திரன் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

2009 தொடக்கத்தில் ப்ரூனர் கூப்பிட்டார். ஐரோப்பாவில் ஆர்டர் இல்லை, இந்தியாவுக்கு இனி ஆள் வைக்க முடியாது என்றார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கௌஷிக் மாடிப்படி ஏறி வந்தான். வேலை நீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். காகிதத்தில் முதலாளி அவன் பக்கம்தானே. நோட்டீஸ் காலம், கொடுக்க வேண்டியது எல்லாம் சட்டப்படி இருந்தது. கடிதத்தை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க வேலைய நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல மேடம். நிறுத்துறது மட்டும் நான்."

"பார்த்தவர் ஃபோன்ல சொல்லிட்டார். நீங்க கொடுங்க," என்று அவள் வாங்கிக்கொண்டாள். ரவிசந்திரன் எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தான்.

நோட்டீஸ் காலம் முழுக்க அவள் வழக்கம்போல அறைக்கு வந்தாள். பாதி மொழிபெயர்த்திருந்த இயந்திரக் கையேட்டை முடித்து அனுப்பினாள். கௌஷிக்கும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் பேசும் சுவிஸ் கம்பெனி ஒன்று அவனிடம் ஆள் கேட்டு வந்தபோது, வேறு யாரையும் பார்க்காமல் அவள் பெயரைச் சொன்னான். அவர்கள் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். கௌஷிக் வேலை நீக்கக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவள் காகிதத்தில் எதுவும் மாறவில்லை, பி.எஃப். எண்கூட அதேதான்.

சுவிஸ்காரர்களின் இயந்திரம் மருந்துப் புட்டிகளுக்கு மூடி போடுவது. அவளுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. முதல் வாரம் முழுக்க வந்தனா டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும் என்ற நினைவே வந்தது. அவ்வளவு படிக்க இருந்தது.