தண்ணீரில் குத்தியிருந்த குண்டூசி

என் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்து, பெயரை மாற்றிக்கொள்ளக் கெஜட்டில் போடுவதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டான். ஒன்பதாம் வகுப்புப் பையன். குரல் உடைந்து, பாதி ஆள் ஆகிவிட்டான்.

"அக்கா, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதெல்லாம் சிரிக்கிறானுங்க. மெடிக்கல் ஷாப்ல கேக்கற மாத்திர மாதிரி கீதாம் எம் பேரு. எவன்க்கா எனக்கு இந்தப் பேர வெச்சது?"

காகிதங்களின் பட்டியலை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்தவள் நான்தான். அவன் பெயர் உரண்டேகா. பெயர் வைத்தது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதோடு சேர்த்து நான் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. படப்பையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்களும் சித்தப்பாவும் சித்தியும் இருந்தோம். மாடி, வாடகைக்கு விடுவதற்கென்றே அப்பா கட்டியது. ஒரகடத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று வந்து தங்குவார்கள். ஒரு செட் ஷிப்ட் முடிந்து தூங்க வரும்போது இன்னொரு செட் தலைசீவிக்கொண்டு கிளம்பும். அந்த வருடம் மட்டும் மாடி முழுவதற்கும் ஒரே ஆள். ஸ்பெயின் தேசத்துக்காரர். சித்தப்பா லைன் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில் புது மெஷின்களைப் பொருத்தி ஓட்டிக்காட்ட வந்த இஞ்சினியர். சென்னையில் பெரிய ஓட்டலில் தங்கவைக்கிறோம் என்று கம்பெனி கெஞ்சியதாம். தினம் அந்த டிராபிக்கில் உட்கார்ந்து சாக என்னால் ஆகாது என்று இவர் சொல்லிவிட, சித்தப்பா எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்.

"வெள்ளக்காரரு நம்ம வூட்ல இன்னாத்த துன்னுவாரு?" என்று அம்மா இரண்டு நாள் பயந்தாள். மனிதர் பச்சை மிளகாயைத் தவிர எல்லாவற்றையும் தின்றார். இடியாப்பம் என்றால் உயிர். அம்மா டிபன் டப்பாவில் போட்டுக் கொடுக்க, நான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு மோசம். அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. நடுநடுவே தமிழும் ஒன்றிரண்டு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார். நான் அவரை மாடி அங்கிள் என்று கூப்பிடுவேன்.

அவர் அறையில் ஒரு சுவர் முழுக்க உலகப்படம் ஒட்டியிருந்தது. அதில் அங்கங்கே தலை பருத்த குண்டூசிகள், சிவப்பிலும் கறுப்பிலும். வந்த முதல் மாதமே இது என்ன என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க என் வாய் விடுமா?

அதெல்லாம் அவர் குடும்பப் பெயருள்ள ஆட்களாம். அவர்கள் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் ஒன்று வருமாம், அப்பா வழியாக. அவருடையது உரண்டேகா. வடக்கே மலைச்சரிவில் இருந்த ஒரு ஒற்றை வீட்டின் பெயர் அது. அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வெளியே போனார்கள். சிலர் கீழே இறங்கிக் கடற்கரை ஊரில் மீன்பிடிக்கப் போனார்கள், அதுதான் அவர் கிளை. சிலர் ஆடு மேய்க்க அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒருவர் கணக்கெழுதப் போய் மணிலாவிலேயே தங்கிவிட்டார். வீடு இப்போது கூரை இல்லாமல் நிற்கிறதாம். அந்த வீட்டு வழி வந்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, எங்கேயாவது இன்னொரு உரண்டேகா அகப்படுவாரா என்று தேடுவார். அகப்பட்டால் கடிதம் எழுதுவார், பதில் வந்தால் ஒரு குண்டூசி குத்துவார். சென்னையில் குத்தியிருந்த சிவப்பு அவரேதான்.

சிவப்பு, உயிரோடு இருப்பவர்களுக்கு. கறுப்பு, செத்துப்போனவர்களுக்கு. இதை மட்டும் அவர் எனக்குச் சொல்லவில்லை. சின்னப் பெண்ணிடம் எதற்கு என்று விட்டிருப்பார்.

என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அதெல்லாம் இல்லை, இனிஷியல்தான், அது அப்பா பெயர் என்றேன். அப்படியானால் தாத்தா பெயர்? அது அப்பாவுக்கு இனிஷியல். தாத்தாவின் அப்பா பெயர்? எனக்குத் தெரியவில்லை. கீழே ஓடிப்போய் அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் சட்டென்று வரவில்லை. திரும்ப வந்து சொன்னதும் மாடி அங்கிள் வாய்விட்டுச் சிரித்தார். முப்பது வருடத்துக்கு ஒருமுறை பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறீர்களா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க பேர உங்களுக்கு அப்புறம் யாரு எழுதுவாங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் எழுந்துபோய், சொட்டாத குழாயை இறுக்கி மூடினார்.

பாவம், பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று அம்மாவும் சித்தியும் கீழே பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரரிடம் அதை எப்படிக் கேட்பது என்று யாரும் கேட்கவும் இல்லை. என் மனதில் அது தங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷன், கடலெல்லாம் தாண்டித் தேடுகிறார், இவரோடு இந்தப் பெயர் போய்விடுமா? அந்த வயதில் எனக்கு ஊர்ப்பட்ட இரக்கம்.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு மகன் பிறந்தான். தாய்வீட்டில் பிரசவம். ஐந்தாம் மாதம் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு எடுத்துவரும் அன்றைக்கே பெயர் வைப்பது என்று முடிவாயிற்று. கார்த்திகை நட்சத்திரம், 'உ' எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கோ, யாருக்குமே இல்லாத பெயராக வேண்டும். உதயகுமார் என்றால் லைனிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், உலகநாதன் என்றால் கிழவன் பெயர். ஒரு வாரம் வீடே 'உ' போட்டுக்கொண்டிருந்தது. நான் சோற்றைப் பிசைந்தபடி, "உரண்டேகா" என்றேன்.

சித்தப்பா உடனே போனில் தட்டிப் பார்த்தார். "நம்ம பக்கம் யாருக்குமே இல்லடா இந்தப் பேரு!" என்று துள்ளினார். அது பெயரல்ல, பெயருக்குப் பின்னால் வருவது என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. பிடித்த மனுஷன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம் பக்கத்தில் மரியாதை. தலைவர் பெயரை வைக்கிறோம், டாக்டர் பெயரை வைக்கிறோம். மாடிக்காரர் பெயரை வைத்தால் என்ன குறைந்துவிடும்? அவரிடம் சொல்லக்கூடாது, அன்றைக்குத்தான் தெரிய வேண்டும் என்று எல்லாருமாகச் சேர்ந்து ரகசியம் காத்தோம்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே வந்தார். பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். அத்தை குனிந்து அவன் காதில், இரண்டு தடவை நாக்குத் தடுக்கி, மூன்றாவது தடவை தெளிவாகச் சொன்னாள். பிறகு சித்தப்பா உரக்க அறிவித்தார், "கு. உரண்டேகா!"

மாடி அங்கிள் மறுபடி சொல்லச் சொன்னார். சித்தப்பா மறுபடி சொன்னார். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. பிள்ளையைக் கொடுங்கள் என்று கை நீட்டி வாங்கி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாரேன், சந்தோஷத்துல அழுவுறாரு," என்றாள் அம்மா.

பிள்ளையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனவர் பந்திக்கு வரவில்லை. போட்ட இலை போட்டபடி கிடந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எனக்கு வேறு கவலை. தம்பிக்கு ஒரு குண்டூசி வரவேண்டுமே! நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கேட்டேன். சிவப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றார். பஜாரில் ஸ்டேஷனரிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். சாதாரணக் குண்டூசிதான் இருந்தது, தலை பருத்தது இல்லை. அவருடைய குண்டூசி டப்பாவில் கறுப்பு மட்டும் கிடந்தது. பச்சைப் பிள்ளைக்குக் கறுப்பைக் குத்தினால் சித்தி என் முதுகுத்தோலை உரித்துவிடுவாள். எனக்கே மனசு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் கம்பெனிக்குப் போயிருந்தார். மாடிச் சாவி அம்மாவிடம் இருக்கும். காலி டிபன் டப்பாவை எடுத்துவருகிற சாக்கில் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைப் பார்த்தேன். எந்தச் சிவப்பை எடுத்தாலும் யாரோ ஒருவர் ஊரிலிருந்து காணாமல் போவார், அது பாவம். தேடிக்கொண்டே போனபோது அகப்பட்டது. அவர்கள் ஊர்க் கரைக்குக் கொஞ்சம் மேலே, கடலில், நீலத்தில் ஒரு சிவப்பு. தண்ணீரில் யார் குடியிருப்பார்கள்? கை தவறிக் குத்தியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அதைப் பிடுங்கிச் சென்னைக்குப் பக்கத்தில், அவருடைய குண்டூசியை ஒட்டித் தம்பிக்காகக் குத்தினேன். நீலத்தில் ஓட்டை மட்டும் தெரிந்தது. அதை அப்படியே விட்டால் திருட்டு என்று ஆகிவிடுமே, ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டாமா? குண்டூசி டப்பாவிலிருந்து ஒரு கறுப்பை எடுத்து அந்த ஓட்டையில் செருகினேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதுதான்.

அந்தக் குண்டூசி அவர் மகன். இதைச் சித்தப்பா எனக்குச் சொன்னபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மாடி அங்கிள் ஊருக்குத் திரும்பிய அன்று, ஏர்போர்ட் போகும் வழியில் அவரே சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஒரே மகன். இருபத்திரண்டு வயது. நண்பனின் படகில் மீன்பிடிக்கப் போனவன். படகு மட்டும் கரைக்கு வந்தது, உடல் கிடைக்கவில்லை. வருடக்கணக்காக அந்த ஒரு குண்டூசியைக் கறுப்பாக்க அவருக்குக் கை வரவில்லை. உரண்டேகா என்று ஒருவன் எந்தக் கரையிலாவது ஒதுங்கியிருப்பானோ என்றுதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் உலகத்தையே சல்லடை போட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னயே தெரிஞ்சிருந்தா அந்தப் பேர வெச்சிருப்பனா?" என்றார் சித்தப்பா. குண்டூசியை மாற்றியது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

தைரியமிருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். முகவரி சித்தப்பாவிடம் இருந்தது. எத்தனையோ தடவை ஆரம்பித்து, மன்னியுங்கள் என்ற வார்த்தைக்கு மேல் போகவே இல்லை. பிறகு ஒரு வருடம் பொங்கலுக்கு வழக்கமாக வரும் அவர் போன் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அவ்வளவுதான்.

நான் குண்டூசியை மாற்றிய அந்தச் சனிக்கிழமை மாலை அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திட்டுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். படத்துக்கு எதிரே, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

நீதானா என்று கையால் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் என்றார்.

என் ஆங்கிலம் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. தமிழிலேயே கொட்டினேன். "தம்பிக்குக் கறுப்பு ஆவாது அங்கிள், பச்சப் புள்ள. செவப்புதான் வேணும். அதான் அத எடுத்தேன். தண்ணியில யாரும் இல்லல்ல?"

புரிந்ததோ இல்லையோ என்று, படத்தில் அந்த நீலத்தைத் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டேன். "இங்க யாரும் இல்லதானே?"

அவர் என் விரலைப் பார்த்தார். விரலுக்குப் பக்கத்திலிருந்த கறுப்பைப் பார்த்தார். எழுந்து அதைப் பிடுங்கப் போகிறவர்போல் கையைத் தூக்கி, அப்படியே இறக்கிக்கொண்டார்.

"இல்ல," என்றார் தமிழில். "யாரும் இல்ல."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி, "சித்தி, தம்பிய சேத்துக்கினாரு! அங்கிள் தம்பிய சேத்துக்கினாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்றைக்கு டிபன் வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பவே, அவருக்காக அம்மா எடுத்துவைத்திருந்த இடியாப்பத்தையும் தேங்காய்ப்பால் ஊற்றி நானே தின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.