என்னிடம் இரண்டு இருபத்தேழு இருந்தது

பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த வருட ரமழானில் நடந்தது இது. நான் மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்துக்காரன், மன்னார் நகரில் ஓட்டோ ஓட்டுகிறேன். நாற்பது வயதைத் தொட்ட பிறகும் பபிள்கம் பக்கெற்றுக்குள் வரும் கிரிக்கெட் அட்டைகளைச் சேர்க்கும் பைத்தியம் என்னை விடவில்லை. வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் ஓட்டோத் தரிப்பிடத்தில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவனும் இருந்தான். ஓலைத்தொடுவாயைச் சேர்ந்த கத்தோலிக்கன். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். அவன் தன் பத்து வயது மகளோடு சேர்ந்து சேர்த்தான். மொத்தம் அறுபது அட்டைகள். இரண்டு பக்கமும் ஐம்பத்தொன்பது சேர்ந்திருந்தன. எனக்கு ஒன்பதாம் இலக்கம் இல்லை. அவர்களிடம் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர்களுக்கு இருபத்தேழு இல்லை. என்னிடம் அது இரண்டு இருந்தது. யார் முதலில் முடிப்பது என்று தரிப்பிடமே வேடிக்கை பார்த்தது.

அன்று வரிசையில் என் வண்டிக்குப் பின்னால் அவன் வண்டி. மகளும் கூட வந்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நோன்போடு நாக்கு வறண்டு கிடந்தேன். இருவரும் இறங்கி என்னிடம் வந்தார்கள்.

"நானா, இருபத்தேழு உங்களிட்ட ரெண்டு கிடக்கோ? பிள்ளை இந்தக் கிழமைக்குள்ள முடிக்கோணும் எண்டு நிக்கிறாள்" என்றான்.

கொடுத்தால் அவன் முந்திவிடுவான். அந்த ஒரு நினைப்புத்தான். "இல்ல தம்பி, ஒண்டுதான் கிடக்கு" என்றேன்.

"இல்லப்பா, மாமாட்ட ரெண்டு இருக்கு. நான் கண்டனான்" என்றாள் பிள்ளை.

அவன் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்மேல் இல்லை, அவள்மேல். "நோன்போட இருக்கிற மனுசன் பொய் சொல்லுவாரோ? மாமாட்ட மன்னிப்புக் கேள்" என்றான். அவள் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குள் போய் இருந்துவிட்டாள். இரண்டாவது அட்டை என் சீற்றுக்குக் கீழேதான் கிடந்தது. அப்போதுகூட எடுத்துக் கொடுத்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. "சின்னப்பிள்ளைதானே, விடு" என்று பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். சீ.

அடுத்த கிழமை அவன் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அதை விற்றுவிட்டு, குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டானாம். அந்த நெருக்கடி நாட்களில் எங்கள் கரையிலிருந்து பலர் அப்படிப் போனார்கள். 'இந்தக் கிழமைக்குள்ள' என்று அவன் ஏன் சொன்னான் என்பது அப்போதுதான் விளங்கியது.

தரிப்பிடத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடித உறையை நீட்டினார். "நானாட்டக் குடுங்கோ எண்டு தந்திட்டுப் போனவன்" என்றார். உள்ளே ஒன்பதாம் இலக்கம். கூடவே கொப்பித் தாளில் பிள்ளையின் எழுத்து: "மாமா, அன்று நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களாவது முடியுங்கள்."

என் செட் முடிந்துவிட்டது. அறுபதும் இருக்கின்றன, இருபத்தேழு மட்டும் ஒன்று கூடுதல். அவனுடைய பழைய தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. அங்கே எந்த அகதி முகாமில் இருக்கிறார்களோ தெரியாது. அந்தப் பிள்ளை கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். அதற்காக அவளையே மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான்.

ரமழானில் விட்ட நோன்பை வேறொரு நாள் பிடித்துவிடலாம். அன்று பிடித்த அந்த நோன்பை என்ன செய்வது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.