ராகிக்கு விரித்த சேலை

எங்கள் மாடிப் போர்ஷனில் மூன்று வருஷம் குடியிருந்த ராஜாத்தி எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், நல்ல பொம்பளை என்றுதான் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். அவள்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. அதுவும் ஒரு நாயால் வந்தது. ஐம்பது வயதில், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு நாய்க்காக இன்னொருத்தியோடு போட்டி போட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

முதலில் சோபா வந்தது. மகள் சுவேதாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்று வாங்கியது. சந்தன நிறம், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வந்தவர்கள் அதில் அரைமணி நேரம் உட்கார்ந்து காராபூந்தி சாப்பிட்டார்கள். மூன்றாம் மாதம் மகளை மைசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சோபா மட்டும் எனக்கு மிஞ்சியது.

என் வீட்டுக்காரர் முனிராஜுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூக்கம். அந்த ஐப்பசியில் ஒருநாள் சானமாவுக் காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். சும்மா நின்ற நேரத்தில், புதரோரம் கத்திக்கொண்டிருந்த குட்டி ஒன்றைத் தூக்கி டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நிறம் அப்படியே ராகிக் களி. அதனால் பேரும் ராகி. இங்க் பில்லரில் பால் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றி நான்தான் அதைப் பிழைக்க வைத்தேன். சுவேதாவுக்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை.

பாத்ரூமுக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே எனக்காகக் காத்திருக்கிற ஓர் உயிர். அது எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு மட்டுமே வேண்டியிருந்தது.

குட்டி வளர்ந்து சோபா ஏறியது. காலெல்லாம் செம்மண், உடம்பெல்லாம் முடி. பெட்ஷீட் விரித்தேன், பிறாண்டிச் சுருட்டிப் போட்டது. பிளாஸ்டிக் ஷீட் போட்டேன், உட்கார்ந்தால் நமக்கே வேர்த்தது. துடைப்பத்தால் தட்டினால் முடி பறந்து சுற்றிவிட்டு, அதே இடத்தில் வந்து உட்காரும். எப்படியோ ஒரு வருஷம் சமாளித்தேன். பொங்கலுக்கு வந்த சம்பந்தியம்மா கிளம்பும்போது எழுந்து நின்றார், அவர் பட்டுச்சேலையின் பின்பக்கம் முழுக்க ராகி. சுவேதா என்னைப் பார்த்த பார்வை போதும். அன்றைக்குத்தான் மாடியில் இருக்கிற ராஜாத்தியைக் கூப்பிட்டேன்.

ராஜாத்திக்கு அஞ்செட்டிக்கு அந்தாண்டை ஒரு மலைக்கிராமம். பஸ் பிடிக்கவே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய ஊராம். கட்டிக்கொண்டவன் லாரி டிரைவர். மாலூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பி வராமலே போய்விட்டான். இங்கே ஒரு கம்பெனியில் பத்து வருஷம் கார் சீட்டுக்கு உறை தைத்தாள். காண்டிராக்ட் ஆட்களை நிறுத்தியபோது இவளையும் நிறுத்தினார்கள். அழவில்லை, ஊருக்கும் போகவில்லை. ஒரு பழைய மிஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு சோபா கவர், பிரிட்ஜ் கவர், வாஷிங் மிஷின் கவர் என்று தைக்க ஆரம்பித்தாள். தெருவே அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இதையெல்லாம் அப்போது நானும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தாள். டேப்பை வைத்துச் சோபாவை அளந்தாள், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் கவர் வந்தது. கார் சீட் மாதிரியே அடியில் எலாஸ்டிக் வைத்து இழுத்துப் பிடித்திருந்தது, ஒரு சுருக்கம் இல்லை. ராகி அரை நாளில் ஒரு மூலையைக் கழற்றிவிட்டது. அடுத்து ரெக்சினில் தைத்தாள். ராகி ஏறிய வேகத்தில் வழுக்கிக் கீழே விழுந்து, என்னைப் பார்த்து முனகியது. மறுநாள் ரெக்சினுக்கு அடியில் புகுந்து படுத்திருந்தது.

ராஜாத்தி ரெக்சினைக் கழற்றி மடித்து வைத்தாள். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் நனைத்து உதறி மாட்டிக்கொண்டு, சோபாவை ஒரே பக்கமாகத் தடவினாள். அத்தனை முடியும் உருண்டு வந்து ஒரு பந்தாக நின்றது. ஒரு வருஷம் நான் துடைப்பத்தோடு மல்லுக்கட்டியது அவளுக்கு அஞ்சு நிமிஷ வேலை. உள்ளுக்குள் ஏதோ புகைய ஆரம்பித்தது அப்போதுதான்.

"அக்கா, அதுக்குன்னு ஒரு எடம் குடுத்துட்டா அது என்னாத்துக்கு எல்லா எடத்துக்கும் போவுது?" என்றாள்.

மாடிக்குப் போய் அவளுடைய பழைய பச்சைச் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். எட்டாக மடித்து ஓரம் தைத்து, மெத்தை மாதிரி ஆக்கி, சோபாவின் இடது மூலையில் விரித்தாள். ராகி அதை மோந்து பார்த்தது. மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டு படுத்தது. மண்ணும் முடியும் அந்தச் சேலையோடு நின்றன. சோபாவில் மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி ஆனது.

"தொவைக்காதீங்கக்கா. மாடில ஒதறினா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் பட்டேன். அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். மாடியில் மிஷின் ஓடினால் ராகியின் காது நிமிர்ந்தது. மிஷின் நின்றால் படிக்கட்டைப் பார்த்தது. ராஜாத்தி துணி டெலிவரி கொடுத்துவிட்டு கேட்டைத் திறந்தால் போதும், தட்டில் நான் போட்ட கறிச்சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடியது. எனக்கு வால் மட்டும்தான் ஆடும். அவளுக்கு இடுப்பே ஆடும்.

"நாயிக்கிப் போயி எரிச்சல் பட்றியே பார்வதி" என்று முனிராஜ் சிரித்தார். அவருக்கென்ன, தூங்குகிறவர்.

ஒருநாள் அந்தப் பச்சைச் சேலையை எடுத்து டெட்டால் போட்டு ஊறவைத்தேன். மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் காயப்போட்டு, மறுபடி விரித்தேன். ராகி மோந்தது. இறங்கிவிட்டது. போய்த் தோட்டத்து மண்ணை மிதித்துவிட்டு வந்து சோபாவுக்கு நட்டநடுவில் படுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது சேலையில் படுக்கவில்லை, அவள் வாசத்தில் படுத்திருக்கிறது. என் வீட்டில், என் சோபாவில், நான் பால் ஊற்றி வளர்த்த நாய்.

சரி, வாசம்தானே என்று நான் இரண்டு நாள் கட்டி அடுப்படியில் நின்ற சேலையை அவிழ்த்து, அவள் மடித்த மாதிரியே மடித்துப் போட்டேன். ராகி வந்து மோந்தது. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது. மெதுவாகத் திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் போனது. அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

அன்று சாயங்காலம் ராஜாத்தி இன்னொரு சேலையோடு வந்தாள், ஊதாப்பூ போட்டது. நான் கேட்கவே இல்லை.

"தொவைச்சிட்டீங்களா?" என்றாள். லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் கெட்டது ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒரு மாதம் பொறுத்தேன். ராகி அந்த ஊதாப்பூவில் மூக்கைப் புதைத்துக் கிடப்பதைத் தினமும் பார்த்தேன். முப்பதாம் நாள் மாடியேறிப் போய், "சுவேதா வந்து தங்கப்போறா, போர்ஷன் வேணும்" என்று சொன்னேன். பச்சைப் பொய். முனிராஜிடம்கூடச் சொல்லவில்லை.

ராஜாத்தி மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"சரிங்கக்கா. வேற எடம் பாத்துக்கறன்."

போகிற அன்று மிஷினும் நாலு மூட்டையும் சின்ன யானை லோடு வண்டியில் ஏறின. கடைசியாக என் வாசலில் வந்து நின்றாள். "அந்த ஊதாச் சேலைய எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். பழைய சேலைக்குக்கூடவா இப்படி என்று நினைத்துக்கொண்டேன். சுருட்டிக் கையில் கொடுத்தேன். தொல்லை விட்டது என்று உள்ளே வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ராகி மாடிப்படியில் போய்ப் படுத்தது. கூப்பிட்டால் வாலை ஒருதரம் தட்டும், வராது. கறிச்சோறு போட்டால் ஒரு வாய், பாலில் இரண்டு நக்கு, அவ்வளவுதான். இரவில் தூக்கிக்கொண்டு வந்து சோபாவில் விட்டேன். இறங்கிப் போய்விட்டது. டாக்டர் ஊசி போட்டார், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். பதினோரு நாளில் விலா எலும்பு தெரிந்தது. சோபாவோ வாங்கி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. தேடிப் பார்த்தாலும் ஒரு முடி இல்லை. நான் ஆசைப்பட்டது இதைத்தான். அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் விசாரித்துக்கொண்டு பாகலூர் ரோட்டுக்குப் போனேன். வரிசையாக ஆறு வீடு, கடைசியில் அவள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வாங்கக்கா என்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ராஜாத்தி, நீ கட்டி அவுத்த சேல ஒண்ணு குடு. ராகி சாப்புட மாட்டேங்குது."

அவள் முகம் மாறியது. ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, அதுவரை உடுத்தியிருந்ததை மடித்து எடுத்து வந்தாள். அப்போதுதான் மிஷின் முன்னால் இருந்த அவள் ஸ்டூலைப் பார்த்தேன். அதன்மேல் அந்த ஊதாச் சேலை. முழுக்க ராகிக் களி நிற முடி.

"இத தொவைக்கலியா?"

"ஒதறக்கூட இல்லீங்கக்கா" என்றாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் தட்டியும் உதறியும் டெட்டால் போட்டும் விரட்டிய முடி. அதன்மேல் உட்கார்ந்து அவள் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பொறாமையாக இருந்தது. நாய்மேல் இவ்வளவு ஆசை வைக்க எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

திரும்பி வந்துவிடு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சோபா கவர் கிழிஞ்சிட்டுது. ஞாயித்துக்கெழம வந்து அளவு எடு" என்றேன். மடித்து வைத்திருந்த கவரில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"அளவு எனக்குத் தெரியுமேக்கா."

"தெரிஞ்சா என்னா? வந்து எடு."

ஞாயிற்றுக்கிழமை கேட் சத்தம் கேட்டது. படியில் அவள் கொடுத்த சேலைமேல் கிடந்த ராகி எழுந்து நின்று, ஒரு நொடி மூக்கைத் தூக்கி, இடுப்பை ஆட்டிக்கொண்டு ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. மாடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"சுவேதா வந்துட்டாளாக்கா?"

"வரல. வரப்போறதும் இல்ல" என்று சாவியை நீட்டினேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள்.

அன்று நாங்கள் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தோம். கவர் இல்லை, சேலை இல்லை. ராகி நடுவில் நீட்டிப் படுத்தது. தலை அவள் மடியில், பின்னங்கால் இரண்டும் என் மடியில். எனக்குக் கிடைத்தது மண் ஒட்டின கால்தான். அதைத் தட்டிவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.