மாலைக்கு எப்போது சொல்வீர்கள்?

கல்யாண வீட்டில் எல்லாரும் கடைசியாக நினைப்பது பூக்காரியை. அன்று காலையில் முதலில் தேடுவதும் அவளைத்தான். மலேசியாவில், கோலசிலாங்கூரில் பூக்கடை வைத்து ஒன்பது வருஷமாக இதைப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் நடத்திப் பார்த்தவர்களுக்கு என் வேதனை புரியும்.

பத்து நாள் போதுமாம்

சபாக்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மண்டபம் போன வருஷமே பிடித்தாயிற்று. சமையல், படம் எடுப்பவர், பாட்டுக் குழு எல்லாம் ரெடி. பூவுக்கு மட்டும் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்திருக்கிறார். அதுவும் ஆவணி முகூர்த்தம். அன்றைக்கு என் கையில் ஏற்கெனவே மூன்று கல்யாணம்.

மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வர வேண்டும், ரோஜா கேமரன் மலையிலிருந்து லோரியில் இறங்க வேண்டும், கட்ட ஆள் வேண்டும், மூன்று மாதம் முன்னாலாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். மனுஷர் அசரவே இல்லை. "பூ தானேம்மா, அது பாட்டுக்குப் பூத்துக்கிட்டுதானே இருக்குலா," என்றார்.

மரியாதையான அழைப்பு

செல்வி அக்கா ஜெராம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், தொழிற்சாலையில் வேலை, ஒரே மகள். ஒரு நாள் கடைக்கு வந்து, வெற்றிலை பாக்கு, பழத்தோடு மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினார். காலையிலேயே வந்துவிட வேண்டும் என்றார். மாலைக்கு வேறு கடையில் சொல்லிவிட்டார் போல என்று எனக்குள் சின்ன வருத்தம். இருந்தாலும் மதித்துக் கூப்பிட்டிருக்கிறாரே. பரிசுக்கு ரைஸ் குக்கர் வாங்கினேன், பட்டுச்சேலை எடுத்து வைத்தேன்.

அவர்கள் வீட்டில் மேளக்காரரிலிருந்து சமையல்காரர் வரைக்கும் தட்டு வைத்தால்தான் புக்கிங்காம். எனக்கு வந்த தட்டும் அதற்குத்தான். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தே பழகிய எனக்கு இது எப்படித் தெரியும்? கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குச் சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "தங்கச்சி, பொண்ணுக்கு ஜோடனை முடிஞ்சிருச்சு, மாலை எங்க வந்துக்கிட்டிருக்கு?"

கோயில் சமையல்கட்டில்

ஒன்பது மணிக்கு முகூர்த்தம். மாலை இல்லாமல் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது? மாப்பிள்ளை வீட்டார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்களே. சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக் குளிர்பெட்டியில் இருந்தது செவ்வந்தியும் துளசியும்தான். வீட்டுக்காரர் வேனை ஓட்ட, பின்னால் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து ஒரு மாலையைக் கட்டி முடித்தேன். இரண்டாவதை, கல்யாணம் நடக்கிற எஸ்டேட் கோயிலின் சமையல்கட்டில் கட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, பெண்ணைப் பெற்ற செல்வி அக்காதான்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு மாலையும் மணவறைக்குப் போயின. மல்லிகை ஒரு மொட்டுகூட இல்லை. ஒரே மகள் கல்யாணத்தை இப்படிச் செய்துவிட்டேனே என்று அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அழாதீங்க தங்கச்சி, மை கலையுது. மாலை வேணும்னு நான்தானே வாயைத் தொறந்து சொல்லல."

ஆகவே கல்யாண வீட்டாரே, மண்டபம் பிடித்த கையோடு வந்து மாலை வேண்டும் என்று வாயால் சொல்லி, நான் எழுதிக்கொள்வதையும் பார்த்துவிட்டுப் போங்கள், வெறும் பத்திரிகையை நீட்டினால் நான் சாப்பிடத்தான் வருவேன்.