பொம்மைக்குள் அடைத்த பஞ்சு

என் கணவர் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எண்பதுகளில் நாங்கள் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் குடியிருந்தோம். மதுரையில் நான் தையல் படித்தவள், துணிப் பொம்மை செய்யவும் தெரியும் என்ற செய்தி அதிகாரிகளின் மனைவிமார் நடத்திய மகளிர் மன்றத்துக்கு எப்படியோ எட்டியிருந்தது. ஒரு நாள் மன்றத் தலைவியே வீட்டுக்கு வந்தார். என் கணவருக்குப் பல படிகள் மேலே இருந்த ஓர் அதிகாரியின் மனைவி. கோயமுத்தூர்க்காரர். பேச்சில் அத்தனை இனிப்பு.

"கண்ணு, நாங்க ஒரு கிராமத்தைத் தத்து எடுத்திருக்கறோம். அங்க இருக்கற பொம்பளைங்களுக்குக் கைத்தொழில் சொல்லிக் குடுத்தா அவங்க சொந்தக் கால்ல நிப்பாங்க. நீ வந்து பொம்மை சொல்லிக் குடு. ஜீப் அனுப்பறேன்" என்றார்.

நான் ஆசையாகவே போனேன். பம்பாய் ரோட்டிலிருந்து பிரிந்து பாறைகளுக்கு நடுவே போகும் மண் பாதையில் இருந்தது அந்தக் கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதன் ஓர் அறையில் பெண்கள் வந்து உட்காருவார்கள். மன்றம் கொடுத்த தையல் மிஷின்கள் சுவரோரம் இருந்தன. ஒவ்வொன்றிலும் மன்றத்தின் பெயர் மிஷினைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி கள் இறக்குபவரின் மனைவி. புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். அதனால் அவளுக்கு இந்த வேலை விளையாட்டு இல்லை. கத்தரிக்கோலை அவள் பிடித்த பிடியிலேயே அது தெரிந்தது. முதல் பொம்மையாக ஒரு யானையைத் தைத்து முடித்தபோது, "இதை யார் வாங்குவாங்க?" என்று தெலுங்கில் கேட்டாள். பட்டணத்தில் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் என்றேன். எங்கள் குழந்தைகள் எங்களைக் கட்டிக்கொண்டு தூங்கும் என்று சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த முதல் சில வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றாது.

பிறகுதான் அந்த மூட்டைகள் வந்தன.

அதுவரை பொம்மைக்குள் அடைக்க நல்ல பஞ்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அது வீண் செலவு என்று தலைவிக்குத் தோன்றியிருக்கிறது. தொழிற்சாலையில் மிஷின் துடைத்துப் போடும் வேஸ்ட் பஞ்சைச் சலவைச் சோடா போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி ஜீப்பில் அனுப்பிவிட்டார். அவிழ்த்ததும் அறை முழுக்க ஒரு நாற்றம் பரவியது. மண்ணெண்ணெயும், கருகிய எண்ணெயும், யாருடைய வியர்வையோ எல்லாம் கலந்த நாற்றம். பழுப்பும் கறுப்புமாகப் பிசுபிசுத்தது. உள்ளே இரும்புச் சீவல்கள் சுருள்சுருளாகச் சிக்கிக் கிடந்தன.

பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "கம்பு கொடுதுந்தம்மா" என்றார்கள். நமக்குக் கம்பு தானியம், அவர்களுக்குக் கம்பு நாற்றம். அந்த வார்த்தையை நான் தெலுங்கில் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் தலைவியின் பங்களாவுக்குப் போனேன். அவர் கூடத்தில் சந்தன ஊதுபத்தி மணந்தது.

"மேடம், அந்தப் பஞ்சு வேணாம். நாறுது. இரும்புத் தூள் வேற இருக்கு. அவங்க கையெல்லாம் கீறிருச்சு."

"அலசித்தான கண்ணு குடுத்தேன்?"

"அலசினாலும் எண்ணெய் போகல. கொழந்தைங்க வாயில வைக்கிற பொம்மை மேடம்."

"மேல நல்ல துணி போட்டு மூடிர்றோம். உள்ள என்ன இருக்குதுன்னு யாருங்க பிரிச்சுப் பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். பிறகு தட்டில் முறுக்கு வைத்து நீட்டினார். நான் எடுக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அது எங்க ஃபாக்டரியில மிஷினத் துடைச்சுக் கீழ போடுறது. நாங்களே காலால ஒதுக்கிட்டுப் போவோம். அதைப் போயி பொம்மையில அடைக்கிறாங்களா?"

நான் அந்தப் பஞ்சைத் தொட மாட்டேன் என்று தலைவிக்கு மறுபடி சொல்லி அனுப்பினேன். அதற்கு அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. தைப்பது வரை நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அடைக்கும் நாளில் நான் வர வேண்டாம். அந்த நாட்களில் மன்றத்திலிருந்து வேறொரு அம்மாள் போய் வாசலில் நாற்காலி போட்டு, மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அடுத்த முறை நான் போகும்போது பெண்களின் விரல் இடுக்குகளில் சொறி. கள்ளுக்காரர் மனைவியின் கை மணிக்கட்டு வரை தடித்துச் சிவந்திருந்தது. அந்தக் கையால் சோறு பிசைந்தால் குழந்தை சாப்பிட மறுக்கிறது என்றாள். மன்றத்தில் மருந்து கேட்டேன். வேப்பிலை அரைத்துப் போடச் சொன்னார்கள்.

கோடையில் காலனி மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். டில்லியிலிருந்து வந்த ஒரு மேலதிகாரியின் மனைவி திறந்து வைத்தார். கிராமத்துப் பெண்கள் சிலரைக் கூட்டிவந்து, ஒரே நிறச் சேலை கட்டவைத்து, மேஜைக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை. வந்தவர்களுக்கு ரஸ்னா கொடுத்துக்கொண்டு போன தட்டு அவர்கள் முன்னால் நிற்காமல் நகர்ந்தது.

வெயிலில் மண்டபம் காய்ந்தது. ஊதுபத்திகளை மீறிக்கொண்டு அந்த நாற்றம் எழும்பியது. வெள்ளை நாய்க்குட்டிப் பொம்மைகளின் வயிற்றில் தேமல்போலப் பழுப்புத் திட்டுகள் வந்திருந்தன. விருந்தாளி ஒன்றை எடுத்தார். கையில் பிசுக்கு ஒட்டியதும் மேஜையிலேயே வைத்துவிட்டார். விரல்களை விரித்தபடி தலைவியைப் பார்த்தார்.

தலைவி கொஞ்சமும் தடுமாறவில்லை. "கிராமத்துப் பெண்கள் இல்லையா, கையைக் கழுவாமல் வேலை செய்கிறார்கள். சுத்தத்தையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பெண்களைப் பார்த்து அன்பாகச் சிரிக்கவும் சிரித்தார்.

கள்ளுக்காரர் மனைவிக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். "ஏமண்டுந்தம்மா ஆமெ?" என்று என்னிடம் கேட்டாள். என்ன சொல்கிறாள் அவள் என்று.

நான் மறைக்கவில்லை. "உங்க கை அழுக்குன்னு சொல்றாங்க" என்று தெலுங்கில் சொன்னேன்.

அவள் மேஜைமேல் ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த நாய்க்குட்டியின் வயிற்றுத் தையலை வெட்டி, உள்ளே இருந்ததைப் பிடுங்கி வெள்ளை மேஜை விரிப்பின்மேல் வைத்தாள். கறுத்த ஒரு பிண்டம். அதிலிருந்து இரும்புச் சுருள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள், தடித்த தோலோடு.

யாராவது தலைகுனிவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விருந்தாளி, கை கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்டார். தலைவி, "இப்படி வாங்க, காபி ரெடியா இருக்குது" என்று அவரைத் தோளில் தொட்டு அழைத்துப்போனார். ஓர் அம்மாள் விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, அந்தப் பிண்டத்தை உள்ளே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மிச்சப் பொம்மைகளை வயிறு தெரியாமல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்கள். கண்காட்சி தொடர்ந்தது.

மாலையில் ஜீப் வேறு வேலையாகப் போய்விட்டது என்றார்கள். நான் அந்தப் பெண்களோடு நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கு முன்னால் அவர்கள் மண்டபத்தின் கழிப்பறையில் அந்த ஒரே நிறச் சேலைகளை மாற்றிக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த மாதமே மிஷின்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அவை வேறொரு கிராமத்தில் மாலை போட்டுத் திறந்து வைக்கப்பட்டன. அந்தப் படத்தைத் தொழிற்சாலைப் பத்திரிகையில் பார்த்தேன். பார்த்ததும் அந்தப் பத்திரிகையை அடுப்பங்கரை அலமாரியில் விரிக்கக்கூட மனசு வரவில்லை, குப்பையில் போட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கள்ளுக்காரர் மனைவி என் வீட்டைத் தேடி வந்தாள். வாசலில் நின்று, "பொம்மை போதும். உள்பாவாடை, ரவிக்கை வெட்டச் சொல்லிக் குடு" என்றாள். அது சந்தையில் விலைபோகும், எல்லாப் பெண்களும் கட்டுவது என்றாள். செகந்திராபாத்தில் ஒரு பழைய மிஷினை அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து வாங்கினார்கள். நான் பஸ்ஸில் போய் வந்தேன். நாடாப் பாவாடை வெட்டும்போது துணி வீணாகாமல் மடிப்பது எப்படி, ரவிக்கைக்குக் கை ஏற்றுவது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுத்தேன். விற்பனையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வாரச் சந்தையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். முதலில் பாவாடைகள் குட்டையாக இருக்கின்றன என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நீளத்தைக் கூட்டினார்கள். அடுத்த வருஷம் பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் போனார்கள். கைச் சொறி ஆறிவிட்டது. தழும்பு மட்டும் சிலருக்கு நின்றது.

இது எப்படியோ தலைவியின் காதுக்குப் போயிற்று. மறுபடி என் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணு, நம்ம பொண்ணுங்க நல்லா முன்னேறிட்டாங்களாமே. அடுத்த வாரம் பெரிய ஆளுங்க வர்றாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருக்கறேன். நம்ம ஆரம்பிச்சு வெச்சது இல்லீங்களா?"

நம்ம பொண்ணுங்க என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மூட்டையை மறுபடி அவிழ்த்ததுபோல இருந்தது. அவங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சந்தை நாளன்று போய்க் கேட்டேன். கள்ளுக்காரர் மனைவி ஒருத்திக்குப் பாவாடையை உதறிக் காட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே, "ராவத்தனி செப்பம்மா. மாகு பனுந்தி" என்றாள்.

அதைத் தலைவியிடம் அப்படியே சொன்னேன். "வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க மேடம். அவங்களுக்கு வேலை இருக்காம்."

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. "எத்தனை செஞ்சாலும் இதுங்களுக்கு நன்றி இருக்காதுங்க" என்று சொல்லி எழுந்தார். நான் காபி போடவில்லை. வாசல் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பவும் இல்லை.