செல்லக்கனி நடத்திய ஓட்டம்

செல்லக்கனியை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 2013 பிப்ரவரியில், தன் ஏழு வயது மகள் கவியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எங்கள் பள்ளிக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். கவியாவுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். தாளாளர் ஜோயல் சார் என் முகத்தைப் பார்த்தார். "ஏற்கெனவே நாற்பத்திரண்டு புள்ளைங்க சார், என்னால முடியாது" என்றேன். அவர் அதையே கொஞ்சம் சர்க்கரை தடவிச் சொன்னார்: மற்ற பெற்றோர் ஒத்துக்கொள்ள வேண்டுமே, பார்க்கலாம்.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லை சண்டை போட்டிருப்பார்கள். அவளோ, "பெத்தவங்க ஒத்துக்கிடணும், அவ்வளவுதான சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் வேலை. கணவன் மாரிமுத்து வேறொரு கம்பெனியில் வெல்டிங் லைன். இருவரும் ஷிஃப்ட்டை மாற்றி மாற்றி வாங்கி, ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியே போக, வாசலில் பிள்ளையைக் கைமாற்றிக் குடும்பம் நடத்தினார்கள். கவியா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி வீட்டில் நடந்த பயிற்சி மையத்துக்குப் போய்வந்தாள். அங்கே அவளையும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள். பேச்சுப் பயிற்சி கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்து நின்றாள். "சார், நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் ஒரு நாள் சேந்து ஓடுனா, பேச்சு டீச்சர் போட எங்க கம்பெனியில உதவி செய்யுதோம்னு சொல்லுதாவ. கவியாவும் அவ மையத்துப் பிள்ளைகளும் சேந்து ஓடும். பெத்தவங்க பாக்கட்டும். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா, பெறவு நான் இந்த வாசலுக்கு வரமாட்டேன்."

ஜோயல் சார் யோசித்தார். பள்ளிக்கு நல்ல பெயர், கைக்காசு செலவில்லை. "எந்த வில்லங்கமும் இல்லாம முடியட்டும். ஜூன்ல உன் பொண்ணுக்கு சீட்டு பத்திப் பேசலாம்" என்றார்.

அதிலிருந்து அவள் பட்ட பாட்டை என் கண்ணாலேயே பார்த்தேன். சாம்பார் ஊற்றிக்கொண்டே எச்.ஆர். அதிகாரியிடம் பேசி முந்நூறு மஞ்சள் பனியன் வாங்கினாள். அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்கு நான்கு முறை நடந்தாள். "எம்மா, நீ கேன்டீன்ல கீறியா, கலெக்டர் ஆபீஸ்ல கீறியா?" என்று எங்கள் பி.டி. மாஸ்டர் பாண்டுரங்கன் கேலி செய்வார். அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு: மைக் செட் கூடாது, பேண்டு கூடாது, வெடி கூடாது. மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

"சாவுக்கே வெடி வுடுற ஊரும்மா இது! பங்ஷனுக்கு வேணான்றியே?"

"மாஸ்டர், ஒரு சரம் போட்டா அந்தப் பதினோரு பிள்ளையும் பதினோரு பக்கம் ஓடும். நீங்க பிடிப்பீயளா?"

மாஸ்டர் அடங்கிவிட்டார். விசில் இல்லாமல், கையைத் தூக்கினால் எழுந்திரு, கீழே காட்டினால் உட்கார் என்று பிள்ளைகளைப் பழக்கினார்.

கவியாவுக்குப் புதிய வழி என்றாலே ஆகாது. அதனால் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு, அவளைத் தினமும் ஓட்டப் பாதையில் அழைத்துப் போவாள் செல்லக்கனி. பள்ளி கேட், அம்மன் கோயில், அங்கிருந்து வலது பக்கம் திரும்பி ஏரிக்கரை, மறுபடி கேட். இடது பக்கம் திரும்பினால் கன்டெய்னர் லாரி பறக்கும் மெயின் ரோடு. ஒரு மாதம் இருவரும் அதையே நடந்தார்கள்.

எனக்கு இட்ட வேலை, சிறப்பு விருந்தினரான ஊராட்சித் தலைவரை அழைப்பதும், வெடி வேண்டாம் என்று அவரிடம் சொல்வதும். பழத்தட்டோடு போனேன். காபி கொடுத்தார்கள். "பசங்க கிட்ட சொல்லிடறேன் மிஸ், ஜோரா பண்ணிடலாம்" என்றார் தலைவர். எனக்கு வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது. வீடு தேடிப் போய் அழைத்துவிட்டு, 'உங்களுக்கு வெடி வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது? இங்கே தலைவர் காரைவிட்டு இறங்கினால் வெடி வெடிக்கும். அது அவருக்குச் செய்யும் மரியாதை. சொல்லாமலே திரும்பினேன். செல்லக்கனி கேட்டபோது "சொல்லியாச்சு" என்று பொய்யும் சொன்னேன்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. மஞ்சள் பனியனில் முந்நூறு பிள்ளைகள், ஓரத்தில் பெற்றோர், முன்வரிசையில் மையத்துப் பிள்ளைகள் தத்தம் அம்மாக்களின் கையைப் பிடித்தபடி. தலைவர் கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஆயிரம் வாலா வெடித்தது.

பதினோரு பிள்ளைகளும் அலறின. பத்து பேரை அம்மாக்கள் மார்போடு அணைத்துக்கொண்டார்கள். கவியா கையை உதறிக்கொண்டு ஓடினாள். அதைப் பார்த்து ஓட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, எங்கள் பிள்ளைகளும் பின்னால் பாய்ந்தார்கள். இரண்டு அப்பாக்கள் பிடிக்க ஓடினார்கள்.

"யாரும் தொரத்தாதீய!" செல்லக்கனி கத்தினாள். "தொரத்துனா ரோட்டுக்குப் போயிருவா!"

பாண்டுரங்கன் மாஸ்டர் தலைதெறிக்க ஓடி, பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கீழே காட்டினார். முந்நூறு பேரும் புழுதியில் அப்படியே உட்கார்ந்தார்கள். தலைவரே ஓடிப்போய் மிச்சச் சரத்தைக் காலால் மிதித்து அணைத்தார். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தவள் நான்.

செல்லக்கனி ஓடவில்லை. மகளைக் கண்பார்வையில் வைத்தபடி, பின்னால் வேகமாக நடந்துதான் போனாள். நானும் கூடவே போனேன். அம்மன் கோயில் முனையில் கவியா நின்றாள். இடது பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. நான் வேண்டாத தெய்வமில்லை. கவியா காதைப் பொத்திக்கொண்டு, தினமும் திரும்பும் வலது பக்கமே திரும்பினாள்.

ஏரிக்கரை முழுவதும் ஓடி, கேட்டுக்கு வந்தாள். அங்கே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் தானும் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த என் வகுப்புப் பிள்ளை நகர்ந்து இடம் விட்டது. பிறகு மாஸ்டர் கையைத் தூக்க, உண்மையான ஓட்டம் நடந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஜோயல் சார் என்னிடம் வந்தார். "பேரன்ட்ஸ் யாரும் வேணாம்னு சொல்லல. உங்க கிளாஸ் மிஸ், நீங்க சொல்லுங்க."

செல்லக்கனி குனிந்து மகளின் உள்ளங்காலில் குத்திய கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. "செல்லக்கனி, தலைவர் வூட்ல நான் சொல்லவே இல்ல. உன்கிட்ட பொய் சொன்னேன்" என்று அழுதுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வந்தது அவள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு எழுந்தாள்.

"சேத்துக்கறேன், ஜூன்ல கூட்டினு வா" என்றேன் அவசரமாக.

"டீச்சர், பாவம் பாத்துச் சொல்லாதீய. பாவம் ஒரு வாரந்தான் தாங்கும். இவ கத்துவா, ஓடுவா, உங்கள அடிக்கக்கூடச் செய்வா. உங்களால முடியுமா, அதச் சொல்லுங்க."

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "ஆனா கூட்டினு வா."

அவள் முகம் முதல்முறையாகத் தளர்ந்தது. "எத்தனையோ டீச்சர்மாரப் பாத்துட்டேன். முடியாதும்பாவ, இல்லன்னா பாக்கலாம்பாவ. தெரியலன்னு சொன்னது நீங்க ஒரு ஆளுதான்" என்றாள். "எனக்கும் தெரியாது டீச்சர். ஏழு வருசமா அப்படித்தான் வளக்கேன்."