பதினேழாம் மெஷினின் மூன்று நிமிடம்

மாசாணியம்மாளை "மாஷா" என்று சுருக்கிக் கூப்பிட அந்த ஆபீசில் ஒரே ஒரு தடவைதான் முயன்றார்கள். "மாத்தறதுன்னா மாத்தலாமுங்க. எதுக்கு மாத்தறோம், யாரு கேட்டாங்க, யாரு ஒத்துக்கிட்டாங்கன்னு மூணையும் எழுதிக் குடுங்க" என்றாள். அதற்கப்புறம் யாரும் அவள் பெயரில் கை வைக்கவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல, அவள் வேலையே அதுதான். சாயப்பட்டறை மெஷின்களுக்குக் கண்ட்ரோல் பெட்டி செய்கிற கம்பெனி அது, சூலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதப் பத்துப் பேர் உண்டு. எழுதியதில் எது எந்த மெஷினில் ஓடுகிறது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பிசகாமல் வைத்திருப்பது மாசாணியம்மாள் ஒருத்தி. அவள் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டரில் "பைனல்", "புது பைனல்", "பெருந்துறை அண்ணன் கேட்ட பைனல்" என்று பதினொரு பைனல்கள் கிடந்தன. எது கடைசி என்று கேட்டால் ஆளுக்கொன்றைக் காட்டினார்கள். ஆறே மாதத்தில் அத்தனையையும் ஒழித்துக்கட்டி, ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சீட்டு என்று கொண்டுவந்துவிட்டாள். முணுமுணுத்தவர்கள் உண்டு. அவள் காதில் வாங்கிக்கொண்டால்தானே.

கோபிசெட்டிபாளையத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். தோட்டத்து நோட்டில் அம்மாவின் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. "பெண்ணாள் ஏழு" என்றுதான் இருக்கும், அந்த ஏழில் அம்மாவும் ஒருத்தி. பத்தாவது படிக்கும்போது அதைப் பார்த்து அவளுக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

போன ஆவணியில் நான்காம் பதிப்பு தயாரானது. அறுபத்திரண்டு மெஷின்களில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன், மெஷினில் இப்போது ஓடுவதை எடுத்து ஆபீசில் இருக்கும் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அறுபத்தொன்று சரியாக இருந்தன. பெருந்துறை கருப்புசாமியின் சாயப்பட்டறையில் இருந்த பதினேழாம் எண் மெஷின் மட்டும் ஒத்துப்போகவில்லை.

மாறியிருந்தது ஒரே ஒரு வரி. சாயம் ஏறி முடிந்து, உள்ளே அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்ததும் மூடியின் பூட்டு திறக்க வேண்டும். இந்த மெஷினில் அதற்குமேல் மூன்று நிமிடம் காத்திருந்து திறக்கும்படி யாரோ செய்திருந்தார்கள். எங்கேயும் சீட்டு இல்லை.

புராஜெக்ட் மேனேஜர் சென்னகேசவன் பொறுமையிழந்து போயிருந்தார். புதுசு ஏறினால் பழசு எப்படியும் அழியத்தானே போகிறது, கையெழுத்தைப் போடு என்றார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுப்பதாகக் கருப்புசாமிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இந்த ஒப்பிடும் வேலையால் இன்னொரு தடவை தாமதமானால் அந்தச் சட்டத்தையே எடுத்துவிடுவதாக அவர் ஏற்கனவே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சட்டம் போனால் தனக்கும் அங்கே வேலையில்லை என்று மாசாணியம்மாளுக்குத் தெரியும்.

"ஒரு வரிதானுங்க சார். ஆனா மாத்துனவங்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்குமுங்க. அது தெரியாம நான் அழிக்க மாட்டேனுங்க" என்றாள்.

வெள்ளி மதியம் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அன்று புதன்கிழமை.

பெருந்துறைக்குப் போய்வருகிற ஆள் ஆல்வின் மட்டும்தான். மெஷின்களைப் போய்ப் பார்த்துச் சரிசெய்து வருகிற பையன். பையன் என்றால் முப்பது வயது. போகிற பட்டறையிலெல்லாம் அவனைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள், அவ்வளவு தங்கமானவன். கூப்பிட்டுக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"பழனியாத்தாக்கா கேட்டாங்கக்கா. முடியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க. எழுதுனா மொதலாளி வரைக்கும் போயிரும், அவங்களுக்குச் சங்கடம்னு உட்டுட்டேன்."

மாசாணியம்மாள் அவனை நன்றாகவே திட்டினாள். மறுநாள் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெருந்துறை போய் இறங்கினாள்.

பழனியாத்தாள் அந்த மெஷினை எட்டு வருடமாக ஓட்டுகிறவள். முந்தானையை விலக்கி முன்னங்கையைக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து ஆறியிருந்தது. அழுத்தம் பார்க்கும் கருவி கெட்டுப்போய், உள்ளே ஆவி இருக்கும்போதே பூஜ்யம் காட்டியிருக்கிறது. அதை நம்பி மூடியைத் திறந்திருக்கிறாள். முதலாளி நல்ல மனுசர், அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆல்வினிடம் மட்டும் சொல்லி, மூடி கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்படி செய்துதரக் கேட்டாள். அவனோ யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது சில சமயம் ஆளையே வேக வைத்துவிடும்.

நேற்றே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மூன்று நிமிடம் அழிந்திருக்கும். இந்தத் தடவை கையோடு போயிருக்காது. மாசாணியம்மாள் பயந்துதான் போனாள். பயம் தெளிந்ததும், நல்லவேளை நான் பிடிவாதக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

கருப்புசாமியிடம் நேரே போய் விஷயத்தைச் சொன்னாள். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். புதுக் கருவிக்கு அப்போதே ஆர்டர் சொன்னார், ஆனால் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் மூன்று நிமிடம் இருந்தே ஆக வேண்டும் என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

சாயங்காலமே ஆபீசில் சீட்டு எழுதினார்கள். புரோகிராம் எழுதும் ஷ்ரவ்யா அந்த வரியைச் சரிபார்த்து, பதினேழாம் மெஷினுக்கு மட்டும் என்று நான்காம் பதிப்பில் சேர்த்து, நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள். சீட்டில் கேட்டவர் என்ற இடத்தில் ஆல்வின் "மெஷின் ஆபரேட்டர்" என்று எழுதியிருந்தான். மாசாணியம்மாள் அதை அடித்துவிட்டுப் பெயரை எழுதினாள்.

வெள்ளி காலை சென்னகேசவன் சீட்டை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டு, ஒப்பிட்டுப் பார்க்காமல் இனி ஒரு மெஷினிலும் எதையும் ஏற்றக் கூடாது என்று, ஏதோ தான் கண்டுபிடித்த சட்டம் மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மாசாணியம்மாள் விட்டுவிட்டாள்.

மதியத்துக்கு முன்பே பெருந்துறையில் புதுப் பதிப்பு ஏறியது. அழுத்தம் பூஜ்யம் காட்டிய பிறகும் மூடி மூன்று நிமிடம் அசையவில்லை. பிறகு திறந்தது, ஆவி இல்லை. மாசாணியம்மாள் கொண்டுவந்திருந்த சீட்டைப் பழனியாத்தாள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எம் பேரு எதுக்குங்கம்மணி இதுல?"

"நீங்கதானுங்கக்கா கேட்டீங்க."

பழனியாத்தாள் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, இதை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாமுங்களா என்று கேட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க அக்கா. அது நகலுதானுங்க" என்றாள் மாசாணியம்மாள். "அசலு எங்ககிட்ட இருக்குது. அதுல இருந்து உங்க பேரை யாரும் எடுக்க முடியாதுங்க."